மைனாவின் முதுகு

எங்கள் வீட்டுக்குக் குதிரை வந்தது ஒரு பிரசவத்தால். எண்ணூரில் உப்பளம் வைத்திருந்த ஒருவரின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை. குறுக்கே கிடந்த இரண்டாவது குழந்தையை உயிரோடு எடுத்துக் கொடுத்தவள் என் அத்தை. அந்த வருடம்தான் அவர் ஒரு ஜீப் வாங்கியிருந்தார். அதுவரை உப்பளத்தைச் சுற்றிவர வைத்திருந்த குதிரை கொட்டகையில் சும்மா நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நன்றி சொல்லவும் கொட்டகையைக் காலி செய்யவும் அவருக்கு ஒரே நாளில் தோன்றியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியபோது, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தில் பழுப்பு நிறப் பெட்டைக்குதிரை ஒன்று கட்டியிருந்தது. பேர் மைனா என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆள் போய்விட்டான்.

நான் அப்போது பத்து வயதுப் பெண். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கடைத்தெருவில் மளிகை மொத்தக்கடை வைத்திருந்தார். அத்தை அவருடைய ஒரே தங்கை. வயது முப்பதைத் தொட்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. தெற்கே மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸுக்குப் படித்துவிட்டு, திருவொற்றியூர்ப் பிள்ளைப்பேறு நிலையத்தில் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். ஊருக்கு அவள் நர்ஸம்மா. வடக்கே எண்ணூர் வரை எந்த வீட்டில் வலி கண்டாலும் அவளுக்குத்தான் ஆள் வரும்.

சாலையோரத்து வீடுகளுக்கு ஜட்கா போகும். சாலையை விட்டு இறங்கிய உப்பளக் குடிசைகளுக்கும் குப்பங்களுக்கும் எந்தச் சக்கரமும் போகாது. மணல். மருந்துப் பெட்டியைப் பிள்ளைப்பேறு நிலையத்து ஆயா தலையில் வைத்துக்கொள்ள, அத்தை சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு நடப்பாள். அவள் போய்ச் சேர்வதற்குள் சில காரியங்கள் தாமாகவே முடிந்துவிடும், நல்லபடியாகவோ இல்லாமலோ. அதனால் குதிரையைப் பார்த்ததும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றபோது, அத்தை மட்டும் அருகில் போய் அதன் கழுத்தில் கை வைத்தாள்.

"இது நமக்கு ஆகாது, திருப்பி அனுப்பிருங்க," என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. "பொம்பளப் பிள்ள குதிரையில போனா நாளைக்கு எவன் வந்து கேப்பான்?"

"இப்ப மட்டும் வரிசையில நிக்கானுவளா, மதினி?" என்றாள் அத்தை.

உப்பளக்காரரின் ஆளே தினமும் விடிந்ததும் வந்து, கடற்கரை ஈரமணலில் அவளுக்குச் சவாரி கற்றுக்கொடுத்தான். வெள்ளைச் சேலைக்கு உள்ளே தொளதொளவென்று ஒரு கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள். மீன் காயப்போட வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் அத்தை ஓட்டமாக விடவே கற்றுக்கொண்டாள். ஆனால் குதிரையோடு வந்த பழைய சேணம் உப்புக்காற்றில் மக்கியிருந்தது. பதினைந்தாம் நாள் அது நடுவாகப் பிளந்தது.

புதுச் சேணம் வாங்கிவரும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். அரிசியிலும் பருப்பிலும் கைவிட்டுப் பார்த்தே ஊர் சொல்லிவிடுகிறவர் அவர். பெரியமேட்டுக்குப் போய், ஒரு தோல்சாமான் கடையில் தொங்கியவற்றிலேயே மிகவும் பளபளப்பானதைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல ஜட்காவில் கொண்டுவந்து இறக்கினார். தெரு முழுக்கத் தோல் வாசனை.

"அளவு கேட்டாங்களா, அண்ணா?" என்றாள் அத்தை.

"குதிரைக்குன்னு சொன்னேன். குதிரைன்னா குதிரைதான, இதுல என்னத்த அளவு?"

அது ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குதிரையின் அகலத்துக்குச் செய்த சேணம். மைனா ஒடிசலானவள், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் அவளுக்கு எலும்பு மேடாகத் தூக்கியிருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சேணம் வந்த மூன்றாம் நாளிலிருந்து மைனாவின் குணம் மாறியது என்பதுதான். வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போது காதை மடக்கிக்கொண்டு திரும்பிக் கடிக்க வந்தாள். அத்தை ஏறும்போது முதுகை உள்ளே வாங்கிக்கொண்டாள்.

சவாரி முடிந்து வந்ததும் ஈரத்துணியால் அவளைத் துடைப்பது என் வேலை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சேணம் இருந்த இடமெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. மைனாவுக்கு அந்த இடத்தில் வேர்க்காது போலிருக்கிறது என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் வந்து விரலால் அமுக்கினாள். மைனா தோலைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கினாள்.

"வேர்க்காம இல்ல, ட்டி," என்றாள் அத்தை. "வேர்வ வர வழியில்லாம நசுங்குது. படுத்த படுக்கையா கெடக்கவங்களுக்கு முதுகுல புண்ணு வருமே, அதே மாதிரி. முழுப் பாரமும் இந்த ரெண்டு எடத்துலதான் எறங்குது."

அப்பா மறுபடி பெரியமேட்டுக்குப் போனார். தோல் பழகினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். பழகவில்லை. அத்தை கம்பளியை இரண்டாக மடித்துச் சேணத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் அது நழுவி வெளியே வந்துவிடும்.

நான்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பளி மெல்லியது, சாக்கு தடிமன். அப்பாவின் கடையில் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஒரு சனிக்கிழமை காலை, எர்ணாவூரிலிருந்து ஆள் வந்து அத்தை அவசரமாகப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சாக்கை நாலாக மடித்துக் கம்பளிக்கு அடியில் வைத்தேன். அது மிளகாய் வற்றல் வந்த சாக்கு என்று எனக்குத் தெரியாமலில்லை. நன்றாக உதறித்தான் வைத்தேன். உதறியபோது மூன்று தும்மல் வந்தது. அதோடு காரம் போய்விட்டது என்று நினைத்தேன்.

மைனாவுக்கு வேர்க்கத் தொடங்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. கடைத்தெருவின் நடுவில், செக்குக்கடை எதிரில், வேர்த்தது. அவள் முன்கால்களைத் தூக்கியதையும், அத்தை பக்கவாட்டில் சரிந்ததையும் நான் பார்க்கவில்லை. அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

"ஒண்ணும் பண்ணல நைனா," என்றார் அவர் அப்பாவிடம். "சும்மா போயிகினே இர்ந்திச்சி. திடீர்னு பேய் புட்ச்சா மாரி குதிக்குது. நர்ஸம்மா கைய ஊணி வுயுந்துட்சி. குதிரைய வூட்டாண்ட கட்டிக்கீறோம். வாணாம் இது, உப்பளத்துக்காரு கையில குட்த்துடுங்க."

பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது ஒருவரல்ல.

மணிக்கட்டு முறிந்திருந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எர்ணாவூர் வீட்டுக்கு ஆயா தனியாகப் போய்ச் சமாளித்தாள். அப்பா, மறுநாள் காலையில் வந்து குதிரையைக் கொண்டுபோகும்படி உப்பளத்துக்கு ஆள் அனுப்பிவிட்டதாக மட்டும் சொன்னார். அம்மா கொழுக்கட்டை அவித்தாள். என் பங்கை மைனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குற்றம் மைனாமேல் எழுதப்பட்டுவிட்டது. உண்மை தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருத்திக்குப் பேச்சு வராது.

கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அத்தையிடம் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் மிளகாய் என்ற வார்த்தை மட்டும் சரியாக வந்தது. அவள் சாக்கை எடுத்துவரச் சொல்லி, மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். தும்மினாள். தும்மியதில் கை வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தாள். அப்புறம், எனக்கு நம்ப முடியவில்லை, சிரித்தாள்.

"எதுக்கு வச்ச?"

"சேணம் எலும்புல படாம தூக்கி நிக்கட்டும்னு."

"நெனச்சது சரிதான், ட்டி. சாக்குதான் தப்பு."

அன்றைக்கே அவள் அப்பாவைக் கூப்பிட்டு, சாக்கை வைத்தது தான்தான் என்றும், அவசரத்தில் எந்தச் சாக்கு என்று பார்க்கவில்லை என்றும் சொன்னாள். ஞாயிறு தவறாமல் பத்துக் கட்டளைகளையும் சொல்கிறவள் இத்தனை நிதானமாகப் பொய் சொல்வதைக் கேட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சாக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தன் கடைச் சாக்கு என்பதால் அவருக்கும் அதில் பங்கு இருப்பதாகத் தோன்றியதோ என்னவோ. கை குணமாகும்வரை குதிரை இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

கை குணமாக ஆறு வாரம். மைனாவின் முதுகுப் புண்ணும் அந்த ஆறு வாரத்தில் ஆறியது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து நான்தான் போட்டேன். ஆனால் வலி கண்டவர்கள் ஆறு வாரம் காத்திருக்க மாட்டார்களே. அத்தை கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மறுபடி மணலில் நடந்தாள். பக்கத்தில் நின்று வாயால் சொல்லச் சொல்ல ஆயா பிரசவம் பார்த்தாள். ஒரு நாள் உப்பளத்துக் குடிசை ஒன்றுக்கு அவர்கள் போய்ச் சேர நேரமாகிவிட்டது. தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. திரும்பி வந்த அத்தை காலில் ஒட்டிய உப்புமணலைக்கூடக் கழுவாமல் மைனாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, தானும் அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு அம்மா குதிரையைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில் அத்தை அதன் இரண்டு பாதியையும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மேசைமேல் வைத்து உள்பக்கத்தை என்னிடம் காட்டினாள். மணிக்கட்டு எலும்பின் முட்டு, கட்டைவிரல் தொடங்கும் மேடு, எல்லாம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தன. கையை அதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் இடைவெளி இல்லை.

"பெரியமேட்டுக்காரருக்கு மைனாவ எப்படித் தெரியும்?" என்றாள். "பாத்ததே இல்லியே அவரு."

"அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போகணுமோ?" என்றேன்.

"வேண்டாம். முதுக மட்டும் அனுப்புவோம்."

அடுத்த ஞாயிறு பிற்பகல் வேப்பமரத்தடியில் அது நடந்தது. மாவுக்கட்டுப் பொடியும் கட்டுத்துணியும் அத்தை எங்கோ கேட்டு வாங்கி வந்திருந்தாள். மைனாவின் முதுகில் எண்ணெய் தடவி, அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்தோம். ஆயா மாவில் தோய்த்த துணிப்பட்டைகளை எடுத்துக் கொடுக்க, அத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உள்ளங்கையால் நீவினாள். காயும்வரை குதிரை அசையக் கூடாது. அசைந்தால் எல்லாம் வீண். பிடித்துக்கொள்ள யார் என்று அத்தை சுற்றுமுற்றும் பார்த்தபோது, அம்மா அடுக்களையிலிருந்து வெல்லக்கட்டியோடு வந்தாள். மைனாவின் முகத்துக்கு நேரே நின்று, இத்தனூண்டு இத்தனூண்டாக வெல்லத்தைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். என் காய்ச்சலுக்குக்கூட அம்மா அத்தனை பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னாமே, குதிரைக்கு இடுப்பு ஒடிஞ்சி பூட்ச்சா?"

"மாவுக்கட்டு போட்டுக்கினு கீறாங்க. பொயைக்காது, பாவம்."

"நிக்குது பாரு, ஒடிஞ்சா எப்டி நிக்கும்?" என்றாள் ஆயா, திரும்பிப் பார்க்காமலே. "அளவு எட்க்கறோம். உங்க ஊட்ல சொக்கா தைக்க அளவு எட்க்கறதில்ல?"

இறுகும்போது மாவு சுட்டது, பிறகு குளிர்ந்தது. அத்தையும் ஆயாவும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அசைத்துத் தூக்கியபோது, ஒரே துண்டாகக் கையோடு வந்தது. கவிழ்த்த சின்னத் தோணி மாதிரி இருந்தது. உள்ளே மைனாவின் முதுகு முழுக்க இருந்தது, அந்த எலும்பு மேடு உட்பட.

அதையும் சேணத்தையும் பெரியமேட்டுக்குக் கொண்டுபோனது அம்மாவும் அத்தையும் நானும். ராயபுரம் வரை பஸ், பிறகு டிராம். அச்சு உடைந்துவிடும் என்று அம்மா அதை யாரிடமும் கொடுக்கவில்லை. பழம்புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். டிராமில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பிள்ளை தூங்குகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அம்மா.

அப்பா வாங்கிய கடைக்கு அத்தை போகவில்லை. விசாரித்து, சேணம் தைக்கிற பாய் ஒருவரின் பட்டறைக்குப் போனாள். நரைத்த தாடி, தடித்த கண்ணாடி. புடவையைப் பிரித்ததும் அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது, தொட்டிலா?"

"குதிரையோட முதுகு."

அவர் விரலை உள்ளேவிட்டு எலும்பு மேட்டைத் தடவினார். இரண்டு பக்கச் சரிவையும் தடவினார்.

"குதிரைய இட்டாந்தவங்க நெறைய பேரு," என்றார் கடைசியில். "முதுக மட்டும் இட்டாந்தவங்கள இப்பதான் பாக்கறேன். குந்துங்க."

அச்சுக்கு அடியில் மணல்மூட்டையை முட்டுக்கொடுத்து, அதன்மேல் சுண்ணாம்புத்தூளைத் தூவி, எங்கள் சேணத்தைத் தூக்கி வைத்தார். எடுத்துத் திருப்பிக் காட்டினார். இரண்டே இடத்தில்தான் வெள்ளை ஒட்டியிருந்தது. மைனாவின் முதுகில் காய்ந்து கிடந்த அதே இரண்டு இடம். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "நான்தான் மொதல்ல பார்த்தேன்," என்றேன். "அப்டியா, உஸ்தாத்?" என்றார் அவர், சிரிக்காமல். அடிமெத்தையைப் பிரித்து ரோமத்தை எல்லாம் வெளியே எடுத்து, முன்பக்கம் அதிகம், நடுவில் குறைவு என்று புதிதாகத் திணித்தார். தூவினார், வைத்தார், எடுத்தார். சேணத்தின் அடி ஒரே சீராக வெளுக்கும்வரை அவர் விடவில்லை. பொழுது சாய்ந்துதான் திரும்பினோம்.

அந்தச் சேணத்தோடு அத்தை முதன்முதல் போனது, குழந்தை இறந்துபோன அதே உப்பளத்துக் குடிசைகளுக்கு. வேறொரு வீடு, தலைச்சன் பிரசவம். சனிக்கிழமை மதியம் ஆள் ஓடிவந்தான். அத்தை மருந்துகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மைனாமேல் ஏறிப் போனாள். வாரை இழுத்தபோது மைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியோடு ஆயா ஜட்காவில் கிளம்ப, நான் அடம்பிடித்துக் கூடவே ஏறிக்கொண்டேன். சாலை முடிந்த இடத்தில் ஜட்காவை நிறுத்திவிட்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை அழுது முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் என்று ஆயாவிடம் ஆரம்பித்த அத்தை, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நான் வெளியே ஓடி வாரை அவிழ்த்துச் சேணத்தைத் தூக்கினேன். முதுகு முழுவதும் ஒரே மாதிரி நனைந்திருந்தது. இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். காய்ந்த இடம் எங்குமே இல்லை. அதை ஓடிப்போய்ச் சொன்னபோது அத்தை என் ஈரக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குதிரை வியர்வை நாறுமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது நாங்கள் ஜட்காவிலும் அவள் பக்கத்தில் மைனாமேலுமாக வந்தோம். திருவொற்றியூர்க் கடைத்தெரு தொடங்கும் இடத்தில் அத்தை கீழே இறங்கி, என்னையும் ஜட்காவிலிருந்து இறங்கச் சொன்னாள்.

"ஏறு, ட்டி."

"இன்னும் கொஞ்ச தூரம்தான அத்தை. ஜட்காவுலயே வாரேன்."

"ஏறு."

என்னைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்து, என் காலுக்கு எட்டும்படி இரண்டு பக்க அங்கவடி வாரையும் குறுக்கினாள். லகானை என் கையில் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நடந்தாள். முதுகை நேராக வை என்றாள். அத்தை விழுந்த செக்குக்கடை வாசல், டீக்கடை, அப்பாவின் கடை என்று ஒவ்வொன்றாகத் தாண்டினோம். அப்பா தராசைப் பிடித்தபடியே எழுந்து நின்றார். சந்து வழியாகத் திரும்பினால் ஐந்து நிமிடத்தில் வீடு. அத்தை சந்தில் திரும்பவில்லை. தேரடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தெரு முழுக்க என்னை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தாள். வாசலில் அம்மா நின்றிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பாவாடைய இழுத்துவிட்டுக்க," என்றாள், அவ்வளவுதான்.

மைனாவுக்குக் களைப்பு, அதனால்தான் எடை குறைந்த என்னை ஏற்றியிருக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அப்படியானால் களைத்துப்போன குதிரையை எதற்காக ஊரெல்லாம் சுற்ற வைத்தாள் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவேயில்லை.